கூரைமேல் செத்தவன்

"சீக்கிரம் மூடுங்க முனெதாசான், முதுகு வெறைக்குது."

தைச்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கின்ராய் உடுப்புக்கு ஜிப் பின்பக்கம். இடுப்பில் தொடங்கிப் பிடரி வரை ஏறும். உள்ளே இருப்பவன் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் தன் கையால் அதை மூடிக்கொள்ள முடியாது. இன்னொருத்தர் இழுத்து மூட வேண்டும். ஒன்பது வருஷமாக முனெதா முதுகைக் காட்டுவார், தைச்சி மூடுவான். இந்த மாசம்தான் இருவரும் இடம் மாறியிருந்தார்கள்.

முனெதா ஜிப்பைப் பிடித்தார். இடுப்புப் பக்கம் புதுத் தையல் தெரிந்தது. இரண்டு விரல் அகலத்துக்குப் பிடித்துத் தைத்திருந்தார்கள். அவர் உடம்புக்கு வெட்டிய ரப்பர் அது. பதினாலு வருஷம் அவர் வியர்வை ஊறினது.

"இடுப்புல ஏதோ தச்சிருக்காங்க போல?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

"எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. ஒகினோ அம்மா பிடிச்சுக் குடுத்தாங்க. நீங்க நல்லா சாப்பிட்ட உடம்பாச்சே" என்று சிரித்தான் தைச்சி.

முனெதாவும் சிரித்தார். ஜிப்பைக் கொஞ்சம் வேகமாகவே இழுத்தார். பிடரி மயிர் இரண்டு சிக்கிக்கொண்டது. "ஆவ்" என்றான் அவன். "அடடா, பாக்கலப்பா" என்றார் இவர். அந்த இரண்டு மயிரில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய சந்தோஷம் இல்லை.

கின்ராய் என்றால் ஜப்பானில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வருகிற பொன்நிற வீரன். முகக்காரர் ஒருத்தர் இருப்பார், இருபது இருபத்திரண்டு வயசு, பார்க்க லட்சணமாக. அவர் கையை உயர்த்தி, "மாறு!" என்று கத்துவார். புகை கிளம்பும். புகை அடங்கினால் அங்கே நிற்பது கின்ராய். உள்ளே முனெதா. முகக்காரர்கள் வருஷத்துக்கு ஒருத்தராக மாறிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே இருந்தவர் மாறவில்லை. சுவரொட்டியில் முகக்காரரின் படம் வந்தால் முனெதாவுக்கு ஒன்றும் தோன்றாது. முகம் அவர் வேலை, உடம்பு இவர் வேலை. ஆனால் அந்த ரப்பருக்குள் இன்னொரு உடம்பு நுழைவதை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

போன வருஷம் வலது முழங்கால் போயிற்று. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு நடக்கலாம். குதிக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் இந்தச் சினிமாப் படம் வந்தது. கின்ராய் காலத்தைக் கிழித்துக்கொண்டு நானூறு வருஷம் பின்னால் போய் விழுகிறான், சாமுராய்கள் நடுவில். படப்பிடிப்பு கியோத்தோவில். பழைய காலத் தெரு ஒன்றை அப்படியே நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கிற ஸ்டூடியோ. உடுப்பு தைச்சிக்கு என்றார்கள். முனெதாவுக்கு வேறு ஒன்று வைத்திருந்தார்கள்: கோட்டைக் காவலன் வேஷம். குடுமி, வாள், சொந்த முகம். படத்தின் கடைசிச் சண்டையில் கூரைமேல் கின்ராயைத் தடுத்து நின்று, வெட்டுப்பட்டுச் சாக வேண்டும்.

"அப்பாடா, பதினாலு வருஷத்துக்கப்புறம் ஒங்க முகத்தை ஊரு பாக்கப் போகுது!" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். தட்டின ஒவ்வொரு தட்டும், 'வெளியே போ, வெளியே போ' என்று தள்ளுவதுபோல அவருக்கு இருந்தது.

தைச்சிக்கு முப்பத்திநாலு வயசு. ஒன்பது வருஷம் அரக்கன் உடுப்புகளுக்குள் இருந்தவன். நண்டு அரக்கன், குப்பை அரக்கன், தந்தி அரக்கன் என்று வாரம் ஒன்றாக. வாராவாரம் முனெதாவிடம் உதை வாங்கிச் செத்தவன். நன்றாகச் சாவான். தூக்கி எறிந்தால் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுவான். இப்படிப்பட்ட ஒருத்தன் கிடைப்பது பெரிய கொடுப்பினை என்று முனெதாவே பலபேரிடம் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அவன் அரக்கனாக இருந்தவரை.

இந்த மூன்று வாரமும் முனெதா அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். குறை கண்டுபிடிக்க. திரும்பும்போது தோள் முந்திப் போகிறதா? இல்லை. ஓடி நிற்கும்போது குதிகால் தட்டுகிறதா? இல்லை. ஒருநாள், கின்ராய் சண்டை முடிந்து இரண்டு விரலை நெற்றிப் பக்கம் வைத்துக் காட்டுவானே, அந்தச் சைகையை அவன் செய்ததைப் பார்த்தார். முனெதா செய்வது போலவே இருந்தது. இல்லை, அதைவிட ஒரு நூல் நன்றாக இருந்தது. விரலை வைத்த பிறகு ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றான். அது தனக்கு ஏன் பதினாலு வருஷமாகத் தோன்றவில்லை என்று அன்று மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். ஊறுகாய்ப் பிளம் சோற்றின் நடுவில் சிவப்பாக முறைத்துக்கொண்டிருந்தது.

அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சிமெண்டுத் தொழிற்சாலைக் கதை.

கின்ராய்க்கு இரண்டு மண்டை உண்டு. ஒன்று கிட்ட மண்டை. கேமரா பக்கத்தில் வரும்போது போடுவது. பளபளவென்று இருக்கும், கண் இருக்குமிடம் கறுப்புக் கண்ணாடி மாதிரி அடைத்திருக்கும். உள்ளே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. தாடையைத் தாழ்த்தினால் கீழ் இடுக்கு வழியாகத் தன் கால் கட்டைவிரல் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று ஓட்டை மண்டை. ஓட, குதிக்க. கண்ணுக்கு நேரே பொடி ஓட்டைகள் இருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், மூடிக் கிடந்த ஒரு சிமெண்டுத் தொழிற்சாலைக் கூரையில் முனெதா கிட்ட மண்டையைப் போட்டுக்கொண்டே ஓடிக் குதித்தார். ஓட்டை மண்டை அன்றைக்கு உடைந்துபோயிருந்தது. கண் தெரியாமல், காலடியை எண்ணிக்கொண்டே போய்க் குதித்தார் என்று கதை. வருஷக் கடைசி விருந்தில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் இதை எடுப்பார். முதல் வருஷம் ஆறு காலடியாக இருந்தது. போன வருஷம் பதினொன்று. முனெதா மறுத்ததில்லை. கிண்ணத்தை நீட்டுவார், அரிசி மதுவான சாக்கே ஊற்றுவார்கள்.

அந்தக் கதை தைச்சியிடம் இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் அவர் தூங்கினார்.

கூரைக் காட்சி கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் எடுக்க வேண்டும். இயக்குநர் ஹிதாக்காவுக்கு மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற அந்தப் பத்து நிமிஷ வெளிச்சம்தான் வேண்டும். ஐம்பது வயசுப் பெண்மணி, மூன்று நாளாக அதே வேளையில் மேகம் வந்து கெடுத்துக்கொண்டிருந்ததில் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தார். பிப்ரவரிக் குளிரில் ஓட்டுக்கூரை ஐஸ் மாதிரி இருந்தது.

சண்டை அமைப்பவர் ஷிமோசே கிழவர், கியோத்தோக்காரர். வாள் சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டுச் சாவதற்கென்றே இருக்கிற ஆட்களை நாற்பது வருஷமாகப் பழக்கியவர். காலையிலேயே முனெதாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இதோ பாரு டோக்கியோக்காரரே. ஒங்க ஊருல அரக்கன் செத்தா வெடிச்சிருவான். வேலை முடிஞ்சுது. இங்க செத்தா பொணம் இருக்கும். பொணம் அசையக்கூடாது. மூக்கு அரிச்சாலும் அசையக்கூடாது. தேள் ஏறினாலும் அசையக்கூடாது. கட் சொல்ற வரைக்கும் நீ செத்தவன். வெளங்குதா?"

"வெளங்குது."

"வெளங்குதுன்னு தலைய ஆட்டாத. இப்பவே பழகிக்க."

சுற்றியிருந்த வெட்டுப்படும் ஆட்கள் சிரித்தார்கள்.

ஒத்திகை சரியாக நடந்தது. மூன்று வெட்டு. மூன்றாவது வெட்டில் முனெதா ஓட்டின்மேல் விழ வேண்டும். அங்கிருந்து தைச்சி ஏழு காலடி ஓடிக் கூரை விளிம்பிலிருந்து கீழே நிற்கிற வைக்கோல் வண்டியில் குதிக்க வேண்டும். வைக்கோலுக்குள் மெத்தை வைத்திருந்தார்கள். கூரை இரண்டு ஆள் உயரம்தான். ஆனால் வண்டிக்குப் பக்கத்திலேயே கல்தொட்டி ஒன்று, நிஜக் கல், அந்தத் தெருவைக் கட்டிய காலத்திலிருந்து இருப்பது. தைச்சி மண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கூரைமேல் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவிலிருந்து விளிம்பு வரை திரும்பத் திரும்ப நடந்து பார்த்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

முதலில் கிட்டத்துக் காட்சி எடுத்தார்கள். கின்ராயின் முகத்தில் சாயங்கால வெளிச்சம் விழுவது. தைச்சி கிட்ட மண்டையில் நின்றான். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஹிதாக்கா கேமராவைப் பின்னால் தள்ளச் சொன்னார். வெட்டு நடக்கிற இடமும் பின்னால் போயிற்று. உதவி இயக்குநர் ஒருத்தர் ஏறி வந்து சிவப்பு நாடாவைப் பிய்த்து, இரண்டு காலடி பின்னால் தள்ளி ஒட்டிவிட்டு, தைச்சியின் முழங்கையைப் பிடித்துப் புது இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி விளிம்புக்கு ஒன்பது அடி.

உடுப்பையும் மண்டைகளையும் கவனித்துக்கொள்கிற ஒகினோ அம்மா கீழேயிருந்து கத்தினார். "தைச்சி! ஓட்டை மண்டை பெட்டி ஏணிக்கு மேல வெச்சிருக்கேன்! மாத்திக்கிட்டியா?"

மண்டை மாற்றப் போனவன்போலக் கூரை முகட்டுக்குப் பின்னால், கீழே இருப்பவர்கள் கண்ணுக்குப் படாமல் நின்றிருந்தான் தைச்சி. பெட்டி அவன் காலடியில் இருந்தது. அவன் குனியவில்லை. கையை மட்டும் முகட்டுக்கு மேலே தூக்கி, கட்டைவிரலைக் காட்டினான்.

"மாத்தியாச்சாம்!" என்று கீழே ஒரு குரல்.

முனெதா மூன்று அடி தள்ளி, வாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் பெட்டியைத் திறக்காததையும் பார்த்தார். முகட்டைத் தாண்டி வந்து நின்றபோது தாடை ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததையும் பார்த்தார். கண் தெரிகிறவன் தாடையைத் தாழ்த்த மாட்டான். உள்ளே இருந்தவனுக்குத்தான் அது தெரியும்; அந்த ஸ்டூடியோவில் அப்படி இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"தைச்சி" என்றார் மெல்ல.

"உம்" என்றது மண்டைக்குள்ளிருந்து.

"அது கிட்ட மண்டைடா."

"தெரியும்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அதில் ஒரு சிரிப்பும் இருந்தது. "நீங்க செஞ்சதுதானே முனெதாசான். அன்னிக்கி நான் கீழ நண்டுக்குள்ள இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லிராதீங்க."

முனெதாவின் கண் சிவப்பு நாடாவுக்குப் போயிற்று.

நாடா மாறியதை இவன் அறியமாட்டான். ஏழு எண்ணுவான். ஒன்பது இருக்கிறது. ஏழில் காலை உதைத்தால் ஓட்டிலேயே விழுந்து, சறுக்கி, விளிம்பைத் தாண்டி எங்கே போவான்? வண்டிக்கு இல்லை. தொட்டிப் பக்கம்.

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. 'நாடா மாறிருச்சு.' அதைச் சொல்லியிருந்தால் அவன் ஒன்பது எண்ணியிருப்பான். எண்ணி, கண் தெரியாமல் ஓடி, நிஜமாகவே குதித்திருப்பான். அப்புறம் கதை அவனுடையது. அதுவும் உண்மைக் கதை. அவன் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் பின்னாலேயே வந்தது. கால் ஒடியும். ஆறு மாசம். அடுத்த வருஷத் தொடருக்கு உடுப்பு யாருக்கு? இடுப்புத் தையலைப் பிரிக்க ஒகினோ அம்மாவுக்கு அரை மணி போதும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. இதுதான் நடந்தது. பிறகு எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை.

"தயார்! வெளிச்சம் போகுது! கேமரா ஓடட்டும்!"

முதல் வெட்டு. தைச்சியின் வாள் காற்றைப் பிளந்துகொண்டு வந்தது, முனெதா தடுத்தார். கண் தெரியாதவன் வெட்டு மாதிரி இல்லை. ஒன்பது வருஷம் ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்ட உடம்புகள். ஒன்று எங்கே இருக்கும் என்று மற்றதுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது வெட்டு. மூன்றாவது அவர் வயிற்றைக் குறுக்காகக் கடந்தது. முனெதா சுழன்று, நாடாவுக்கும் விளிம்புக்கும் நடுவில், ஓடுகிற வழிக்கு ஓரமாக விழுந்தார். கன்னம் குளிர்ந்த ஓட்டில் பட்டது. செத்தார்.

நல்ல சாவு. கீழே ஷிமோசே கிழவர் "ம்ம்" என்றது கேட்டது.

கண் பாதி திறந்திருந்தது. பிணத்தின் கண்ணுக்கு நேரே சிவப்பு நாடா. அதன்மேல் தைச்சியின் பொன்நிறப் பூட்ஸ். குதிகால் நாடாவைத் தேடித் தடவியது, கண்டுபிடித்தது. கிளம்பியது.

ஒன்று. இரண்டு. அவரும் எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று. ஓடு சறுக்கலாக இருந்தது. நாலு. அவன் தோள் முந்தவில்லை, தலை ஆடவில்லை, என்ன அழகாக ஓடுகிறான், பாவி! ஐந்து.

பிணம் எழுந்தது. நாலு காலில் பாய்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன முழங்கால் ஓட்டில் மோதி நட்சத்திரம் தெரிந்தது. ஏழாவது அடியில் அவன் உதைத்த காலைக் கணுக்காலோடு சேர்த்து இரண்டு கையாலும் கவ்விக்கொண்டது.

இருவரும் தடாலென்று விழுந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஓடுகள் சரசரவென்று சறுக்கிக் கீழே போய்க் கல்தொட்டியில் விழுந்து நொறுங்கின. கின்ராயின் தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது.

"கட்! கட்! கட்!"

வெளிச்சம் போய்விட்டது. ஹிதாக்கா சூரியன் போன மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தினது ஷிமோசே.

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா சாகச் சொல்லிக் குடுக்கறேன். தும்மின பொணத்தைப் பாத்திருக்கேன். கொறட்டை விட்ட பொணத்தைப் பாத்திருக்கேன். வெட்டினவன் காலைப் புடிச்சு இழுக்குற பொணத்தை இன்னிக்கிதான் பாக்கறேன்!"

இரண்டு பேரையும் ஏணி வழியாக இறக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் முனெதாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. 'இவ்வளவுதானா நீ' என்பது போல இருந்தது. யாரோ ஒருத்தர் முணுமுணுத்ததும் கேட்டது. "உடுப்பு போன வயித்தெரிச்சல்." அது பொய்யும் இல்லை.

ஹிதாக்கா கட்டிப்போன குரலில் கேட்டார். "ஏன் முனெதா?"

"மண்டையைப் பாருங்க."

ஒகினோ அம்மா தைச்சியின் தலையிலிருந்து மண்டையைக் கழற்றித் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார். முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று. "இது கிட்ட மண்டை. மாத்திட்டேன்னு கைய காட்டினியேடா."

"நாடாவும் மாறிருச்சு" என்றார் முனெதா. "ஒம்போது அடி. அவன் ஏழுதான் எண்ணினான்."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு கல்தொட்டியைப் பார்த்தார்கள். உடைந்த ஓடுகள் அதில் கிடந்தன.

தைச்சியின் முடி வியர்வையில் ஒட்டி, ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் முகம் சிவந்திருந்தது. "நாடாவை மாத்தினதைச் சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன். நாளைக்கும் இதே மண்டையில விடுங்க, ஒம்போது எண்ணறேன். முனெதாசான் செஞ்சாரு இல்ல? அவரால முடிஞ்சது என்னால ஏன் முடியாது?"

"விடமாட்டேன்" என்றார் ஹிதாக்கா.

"அப்போ அடுத்த வருஷம். என்னிக்காவது ஒரு நாள் செஞ்சு காட்டறேன். அது வரைக்கும் நான் கின்ராய் இல்ல, கின்ராய் உடுப்பு மாட்டின ஆளு. எல்லாரும் அப்படித்தானே நெனைக்கிறீங்க?"

எல்லோருடைய கண்ணும் முனெதாவிடம் வந்து நின்றது. இப்போது அதில் மரியாதை திரும்பி வந்திருந்தது. கண் தெரியாமல் குதித்தவர். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். 'என்னால முடிஞ்சது, ஒன்னால முடியாது' என்று சொல்லிவிட்டும் போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் சர்க்கரை மாதிரி கிடந்தது.

தைச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னதைச் செய்வான். அடுத்த வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ, ஏதோ ஒரு கூரையில். கால் பிடிக்கப் பிணம் ஒன்று அங்கே இருக்காது.

"ஓட்டை போட்டிருந்தேன்" என்றார் முனெதா.

"என்னது?"

"அன்னிக்கி. சிமெண்டு பாக்டரியில. முந்தின நாளே ஒடைஞ்சுபோச்சு, ஓட்டை மண்டை வராதுன்னு தெரியும். ஊசியைக் காய்ச்சி, கிட்ட மண்டையில ரெண்டு கண்ணுக்கும் ஓட்டை போட்டேன். எள்ளளவு. நல்லாத் தெரிஞ்சுது. முடிஞ்சப்புறம் கறுப்பு மெழுகு வெச்சு அடைச்சுட்டேன். கண்ணு தெரியாம யாரும் குதிக்கல."

உதவி இயக்குநர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ வருஷா வருஷம் நான் ஊத்தின சாக்கே?"

ஒருத்தர் சிரித்தார். இன்னொருத்தர் சிரித்தார். அதுதான் வலித்தது. திட்டியிருந்தால் தேவலை. ஒகினோ அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என் மண்டையில ஓட்டை போட்டியா?" என்றார், எட்டு வருஷத்துக் கோபத்தையும் ஒரே நேரத்தில் முகத்தில் கொண்டுவந்து.

தைச்சி துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலையில் உடுப்பு அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "குளிருது" என்று சொல்லவில்லை. முனெதா ஜிப்பை மெதுவாக ஏற்றினார். பிடரிக்கு வந்ததும் முடியை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டார்.

"எட்டு வருஷம்" என்றான் தைச்சி, சுவரைப் பார்த்து. "எங்க அபார்ட்மெண்டு மாடிப்படி. பதினாறு படி. தெனமும் கண்ணை மூடிக்கிட்டு ஏறி எறங்கினேன். ஒங்களை நெனச்சுக்கிட்டு. பக்கத்து வீட்டம்மா எனக்குக் கண்ணுல வியாதின்னு நெனச்சு ஆஸ்பத்திரி விலாசம் எழுதிக் குடுத்தாங்க."

முனெதாவின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. இவன் செய்திருப்பான். நாடா மாறாமல் இருந்திருந்தால் நேற்றே செய்திருப்பான். சரியான அடி, சரியான மூச்சு. தான் பொய்யாகச் சொன்னதை இவன் எட்டு வருஷமாக மெய்யாகவே பழகியிருக்கிறான். வெட்கப்பட வேண்டிய இடம் அது. வெட்கம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான்.

"இன்னிக்கி ஓட்டை மண்டை" என்றார்.

"தெரியும்."

"விழுந்த பொணம் விழுந்ததுதான். நான் எந்திரிக்க மாட்டேன்."

தைச்சியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறானா என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று மேகம் வரவில்லை. மூன்று வெட்டு, முனெதா செத்தார், ஒன்பது அடி, தைச்சி பறந்தான். கன்னம் ஓட்டில் கிடக்க, பாதிக் கண்ணால் அதைப் பார்த்தார். விளிம்பிலிருந்து எழும்பி, பொன்நிறம் முழுசும் சாயங்கால வெளிச்சத்தில் பற்றிக்கொண்டு, ஒரு கணம் அங்கேயே நின்றதுபோல இருந்தது. வைக்கோல் சத்தம் கேட்டது. கைதட்டல் கேட்டது. பிணம் அசையவில்லை. கண்ணில் நீர் வந்ததை மட்டும் நிறுத்த முடியவில்லை. அதைக் கேமரா பிடித்திருந்தால் ஷிமோசே திட்டுவார்.

முனெதா இறங்கி வந்ததும் உதவி இயக்குநர் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். "காவலன் வேஷம் போட்ட முனெதாசானுக்கு இத்தோட எல்லாக் காட்சியும் முடிஞ்சுது!"

பூச்செண்டு வந்தது. கடைசிக் காட்சி முடிந்த நடிகருக்குக் கொடுக்கிற பூச்செண்டு. பதினாலு வருஷமும் கின்ராய் முடிந்தால் அது முகக்காரருக்குத்தான் போகும். உடுப்புக்குள் இருப்பவன் பக்கத்தில் நின்று கைதட்டுவான். ரப்பர் கையுறையில் தட்டினால் சத்தமே வராது, தொப் தொப் என்று கேட்கும். முனெதா அப்படிப் பதினாலு தடவை தட்டியிருக்கிறார். இன்றைக்குப் பூ அவர் கையில். தொப் தொப் என்று அவருக்குப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவன் தைச்சி.

"நல்ல வாசனையா?" என்று மண்டைக்குள்ளிருந்து கேட்டான். அந்தக் குரலை முனெதாவுக்குத் தெரியும். அவரே பதினாலு வருஷம் வைத்திருந்த குரல் அது. பூவின் மேல் வைத்த கண்ணை எடுக்க முடியாதவன் குரல்.

"மண்டையைக் கழட்டு. மோந்து பாரு."

"எப்படிக் கழட்டறது? அங்க பாருங்க."

கயிற்றுக்கு அப்பால் ஸ்டூடியோ பார்க்க வந்த கூட்டம் நின்றது. முன்வரிசையில் பிள்ளைகள். பிள்ளைகள் முன்னால் மண்டையைக் கழற்றக்கூடாது. அது உடுப்புக்காரர்களின் சட்டம். கழற்றினால் கின்ராய் செத்துப்போவான்.

"கின்ராய்! கின்ராய்!" என்று கத்தினார்கள். ஒருத்தர்கூடப் பூச்செண்டு வைத்திருந்த குடுமிக்காரனைப் பார்க்கவில்லை. சொந்த முகத்தோடு, முகத்தில் விழும் வெளிச்சத்தோடு, அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு பூ கொடுக்கலாமா என்று கை நினைத்தது. கொடுக்கவில்லை. செண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். இது என்னுடையது. அது உன்னுடையது. இரண்டையும் நீயே வைத்துக்கொள்ள முடியாது.

கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், கயிற்றுக்கு அடியில் தலையை நீட்டி, இரண்டு விரலை நெற்றிப் பக்கம் வைத்துக் காட்டினாள்.

தைச்சியின் கை எழுந்தது. விரலை வைத்து, ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றான். அதே நேரத்தில், கேட்காமலே, முனெதாவின் வலது கையும் பூச்செண்டை விட்டு எழுந்து நெற்றிக்குப் போயிருந்தது.

அந்தப் பெண் கின்ராயைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். திரும்பக் கின்ராயைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தக் குடுமித் தாத்தா கின்ராயைப் பாத்துக் காப்பியடிக்கிறாரு" என்றாள் சத்தமாக.

மண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. முனெதா கையைக் கீழே இறக்கவில்லை. அவரும் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்று பார்த்தார்.